பெயர் சொல்லி அழைத்த குரல்: டி.ஜி.எஸ். தினகரன்

செல்போன் இல்லாத காலம் அது. தபால்காரர் கொண்டுவரும் ஒரு கவருக்காகக் காத்திருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கடன் தொல்லை, குழந்தை இல்லாத ஏக்கம், கணவனின் குடி, தீராத வயிற்றுவலி... அக்கம்பக்கத்தில் சொன்னால் மானம் போகும் என்று மறைத்ததையெல்லாம் கடிதத்தில் கொட்டிச் சென்னைக்கு அனுப்புவார்கள். 'உங்களுக்காக ஜெபித்தோம்' என்று பதில் வரும். அந்தப் பதிலுக்காகவே கடிதம் எழுதியவர்கள் உண்டு.

அவர்கள் எழுதியது, 'சகோதரர் தினகரன்' என்று அழைக்கப்பட்ட டி.ஜி.எஸ். தினகரனுக்கு.

பெரிய சிகிச்சை என்றால் திருச்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏற வேண்டிய திட்டக்குடி போன்ற ஊர்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளாற்றங்கரையில் வைத்தியநாத சுவாமி குடிகொண்ட ஊர் அது. நோய் வந்தால் மருத்துவரோடு கடவுளையும் தேடுவது நம் மக்களின் வழக்கம். அந்தத் தேடலுக்குள்தான் தினகரனின் குரல் நுழைந்தது. அவருடைய கூட்டங்களுக்குக் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் திரளாக வந்ததற்குக் காரணம் இதுதான்.

வேலை தேடிய இளைஞர்

1935 ஜூலை 1 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுரண்டையில் பிறந்தவர் தினகரன். படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் மனம் உடைந்து, 1955இல் உயிரை விட்டுவிடும் முடிவோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார். வழியில் பார்த்த உறவினர் ஒருவர் அவரை நிறுத்திப் பேசினார். இயேசுவைப் பற்றிச் சொன்னார். அந்தப் பேச்சுதான் தன்னைத் திருப்பியது என்று தினகரன் கடைசிவரை மேடைகளில் சொல்லிவந்தார்.

பிறகு வங்கி வேலை கிடைத்தது. 1959இல் ஸ்டெல்லாவை மணந்தார். 1962இல் இயேசுவைத் தரிசித்ததாகவும், அதுவே தன் ஊழியத்தின் தொடக்கம் என்றும் சொன்னார். பகலில் வங்கிக் கணக்கு, மாலையில் ஜெபக் கூட்டம் என்று பல ஆண்டுகள் ஓடின. பின்னர் வேலையை விட்டு முழுநேரமும் இறங்கினார்.

வானொலி, 'இயேசு அழைக்கிறார்' மாத இதழ், பிறகு தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1983இல் சென்னையில் ஜெபகோபுரம் திறக்கப்பட்டது. இரவு இரண்டு மணிக்கு போன் செய்தாலும் எடுத்துப் பேச அங்கே ஆள் இருந்தார்கள். பங்காளர்கள் என்ற பெயரில் சாதாரணக் குடும்பங்கள் அனுப்பிய காணிக்கைதான் இத்தனைக்கும் முதல்.

இத்தனை செல்வாக்கு இருந்தும் தன் பெயரில் தனிச் சபை எதையும் அவர் அமைக்கவில்லை. 'உங்கள் சபையிலேயே இருங்கள்' என்பதுதான் நிலைப்பாடு. எல்லாச் சபையினரும் அவரைத் தயங்காமல் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

தன் வீட்டில் விழுந்த இடி

1986 மே மாதம். மகள் ஏஞ்சல் சாலை விபத்தில் இறந்துபோனாள். ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக ஜெபித்தவரின் சொந்தப் பிள்ளை! 'இவர் ஜெபம் எங்கே போனது?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி நியாயமானதுதான். பெற்றவர்களுக்கே அந்தக் கேள்வி வராமலா இருந்திருக்கும்?

அவர் ஒதுங்கிப் போய்விடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கோவை சிறுவாணி சாலையில் காருண்யா பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2004இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மகளை இழந்த துக்கத்தை அவரும் ஸ்டெல்லாவும் மேடையிலேயே பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள், 'நம்ம வலி இவங்களுக்குத் தெரியும்' என்று நெருங்கி வந்தது அதன் பிறகுதான்.

மேடையில் பெயரையும் நோயையும் சொல்லி அழைத்து, 'குணமாகிவிட்டது' என்று அறிவிப்பதைப் பகுத்தறிவாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். காணிக்கைப் பணம் பற்றிய கேள்விகளும் எழுந்தன. ஜெபத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை. உடல்நலம் குன்றியபோது தினகரனும் மருத்துவமனைக்குத்தான் போனார். 2008 பிப்ரவரி 20 அன்று, 72 வயதில், சென்னையில் காலமானார்.

இன்று மகன் பால் தினகரனும் குடும்பத்தாரும் ஊழியத்தைத் தொடர்கிறார்கள். 2021 ஜனவரியில் அவர் தொடர்புடைய இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. ஜெபகோபுரம் இருக்கும் சாலைக்கு இப்போது தினகரனின் பெயர்.

அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், 1955இல் ஓர் இளைஞனைக் காப்பாற்றியது வழியில் நிறுத்தி, 'என்னப்பா, என்ன ஆச்சு?' என்று விசாரித்த ஒரு மனிதர். அதைச் செய்ய நமக்கு மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது சில நாட்களாகப் பேசாமல் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

*(மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 என்ற எண்ணில் பேசி உதவி பெறலாம்.)*