தொட்டால் பதில் சொல்லும் வரைபடம்

வலிப்பு நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போனால், அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். அதற்கு முதலில், வலிப்பு மூளையின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தாக வேண்டும். சிலருக்கு மண்டையோட்டைத் திறந்து, மின்முனைகள் பதித்த மெல்லிய தகட்டை மூளையின் மேற்பரப்பிலேயே வைத்து, நாள்கணக்கில் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். 64 மின்முனைகள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 400 முறை அளவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே மணி நேரத்தில் 9 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் குவிந்துவிடும். வலிப்பு தொடங்கும் அந்தச் சில வினாடிகள் இந்தக் குவியலுக்குள் எங்கோ கிடக்கின்றன.

2000-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்தப் பதிவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். அவருடைய ஆய்வகத்திடம் அலைகளை அலசும் மென்பொருளுக்கு ஒரே ஓர் உரிமம்தான் இருந்தது. கணினியில் டாங்கிள் என்ற சாவியைச் செருகினால்தான் அது திறக்கும். மாணவர்களும் ஆய்வாளர்களும் அந்த ஒற்றைச் சாவியை முறை வைத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்வோம் என்று ஹண்டர் இறங்கினார். முதலில் மேட்லாப் மொழியில் எழுதினார். நிரல் வளர வளர அது போதாமல் போனது. பைத்தானுக்கு மாறினார். அங்கே மொழி கைகொடுத்தது, ஆனால் மனத்துக்குப் பிடித்த வரைபடக் கருவி கிடைக்கவில்லை.

அப்போது அவர் தனக்குத்தானே 5 நிபந்தனைகள் விதித்துக்கொண்டார். படம் அச்சில் ஏற்றும் அளவுக்கு நேர்த்தியாக இருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் சேர்க்கத் தோதான கோப்பாக வெளிவர வேண்டும். வேறொரு மென்பொருளின் சன்னலுக்குள் பொருந்தி உட்கார வேண்டும். படித்துப் புரிந்து நீட்டிக்கக்கூடிய எளிமை நிரலில் இருக்க வேண்டும். வரைவது சுலபமாக இருக்க வேண்டும். இந்த ஐந்தும் சேர்ந்து 2003-ல் வெளியானதுதான் மேட்பிளாட்லிப். இன்று பைத்தானில் வரைபடம் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது.

மூன்றாவது நிபந்தனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வரைபடத்தைப் படமாகச் சேமித்து ஒட்டுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குள் உயிரோடு வைப்பது வேறு. முதலாவது வரைந்தவர் காட்ட நினைத்ததை மட்டும் காட்டும். இரண்டாவதைப் பார்ப்பவர் இழுக்கலாம், பெரிதாக்கலாம், ஒரு புள்ளியைச் சுட்டி "நீ யார்?" என்று கேட்கலாம். கேள்வி கேட்கும் உரிமை வரைந்தவரிடமிருந்து பார்ப்பவர் கைக்கு மாறுகிறது.

எண்களோடு நிற்காமல் தரவை வரைந்து பார்ப்பதே எவ்வளவு அவசியம் என்பதை 1973-ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் ஒரு சிறு கட்டுரையில் காட்டினார். அவர் 4 தரவுத் தொகுதிகளைக் கொடுத்தார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். கணக்குப் போட்டால் நான்குக்கும் ஒரே சராசரி: கிடை அச்சில் 9, செங்குத்தில் 7.5. இரண்டுக்கும் உள்ள தொடர்பின் அளவும் நான்கிலும் ஏறக்குறைய 0.816. எண்களை மட்டும் நம்புகிறவர் நான்கும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்வார். வரைந்து பார்த்தால் ஒன்று பரவலாகச் சிதறிய சாய்கோடு, இன்னொன்று வளைகோடு, மூன்றாவதில் நேர்கோட்டை விட்டு விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளி, நான்காவதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் செங்குத்தாக ஒரே வரிசை. 11 புள்ளிகளே இத்தனை ஏமாற்றும் என்றால், 9 கோடிப் புள்ளிகளை உருட்டிப் புரட்டிப் பார்க்காமல் எப்படி நம்புவது?

உருட்டிப் பார்க்கும் முயற்சி அதே காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கி ஆய்வகத்தில் நடந்தது. ஜான் டூக்கி என்ற புள்ளியியல் மேதையும் அவருடைய சகாக்களும் பிரிம்-9 என்ற கருவியை உருவாக்கினார்கள். 9 பரிமாணங்கள் வரையுள்ள தரவைத் திரையில் சுழற்றலாம், வேண்டிய புள்ளிகளை மட்டும் பிரித்தெடுக்கலாம். அன்று அதற்கு ஓர் அறையை நிரப்பும் ஐபிஎம் கணினி தேவைப்பட்டது. இன்று சாதாரண மடிக்கணினி போதும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

மேட்பிளாட்லிப் ஒரு லைப்ரரி. லைப்ரரி என்று நிரலாளர்கள் சொல்வது, பிறர் ஏற்கெனவே எழுதிச் சோதித்து வைத்த நிரல்களின் தொகுப்பு. அச்சுக்கோடு போடுவது, எண்களை இடைவெளி விட்டு எழுதுவது, வளைவைப் பிசிறில்லாமல் வரைவது எல்லாம் அதில் தயார். மேட்பிளாட்லிப்பில் இந்த வேலை 3 அடுக்குகளாகப் பிரிகிறது. மேலே, பயனர் ஓரிரு வரிகளில் கட்டளையிடும் அடுக்கு. நடுவில் கோடு, புள்ளி, தலைப்பு, அச்சு ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளாக வாழும் அடுக்கு. கீழே, அவற்றைத் திரையிலோ கோப்பிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும் அடுக்கு. கீழ் அடுக்கை மட்டும் மாற்றினால் அதே படம், சன்னல்களை உருவாக்கும் தொகுப்புகளான கியூட், டிகே எதில் எழுதிய சன்னலிலும், பிடிஎஃப் கோப்பிலும் வந்து நிற்கும். சன்னலுக்குள் படத்துக்கென ஒதுக்கும் இடத்துக்குக் கேன்வாஸ் என்று பெயர். பொத்தானையும் உரைப்பெட்டியையும் வைப்பதைப் போலவே அந்தக் கேன்வாஸையும் சன்னலில் வைத்துவிடலாம்.

இனி மவுஸின் கதை. திரைக்கு நோயாளியும் தெரியாது, நேரமும் தெரியாது. இடமிருந்து 731-வது பிக்சல், மேலிருந்து 212-வது பிக்சல் என்பது மட்டும்தான் தெரியும். மருத்துவர் ஓர் அலையின் உச்சியில் கிளிக் செய்தால், சன்னல் இந்த இரண்டு எண்களை லைப்ரரியிடம் ஒப்படைக்கிறது. வரையும்போது நேரத்தையும் மின்னழுத்தத்தையும் பிக்சலாக மாற்றிய அதே கணக்கை லைப்ரரி இப்போது தலைகீழாகப் போட்டு, அந்த இடத்துக்குரிய நேரத்தையும் மின்னழுத்தத்தையும் சொல்கிறது. கூடவே, "கிளிக் உன்மேல் விழுந்ததா?" என்று ஒவ்வொரு கோட்டையும் விசாரிக்கிறது. விழுந்திருந்தால் நிரலாளர் எழுதிவைத்த செயல் நடக்கும்: விவரப்பெட்டி திறக்கலாம், அந்த மின்முனையின் பெயர் ஒளிரலாம், பக்கத்துப் படத்தில் அதே நேரம் குறிக்கப்படலாம்.

பெரிதாக்கும்போது தரவில் எதுவும் மாறுவதில்லை. அச்சின் எல்லைகள் மட்டும் மாறுகின்றன, படம் மறுபடி வரையப்படுகிறது. மேட்பிளாட்லிப்பின் கருவிப்பட்டையில் ஒரு வீட்டுப் படம் இருக்கும். எங்கே போய்த் தொலைந்தாலும் அதை அழுத்தினால் முதல் காட்சிக்குத் திரும்பிவிடலாம். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் பயனருக்குத் துணிச்சல் தருவது இதுதான். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் உள்ளே புகுந்து தேடுவார். கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1996-ல் வகுத்த நெறியும் இதே வரிசைதான்: முதலில் முழுக்காட்சி, பிறகு நெருங்கிப் பார்த்தலும் வடிகட்டலும், கேட்கும்போது மட்டும் விவரம்.

தொடுவதற்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகலாம்? பத்தில் ஒரு வினாடிக்குள் திரை அசைந்தால், தன் கையே அதை அசைத்தது போல மனிதர் உணர்கிறார். அதைத் தாண்டினால் ஒட்டு விட்டுப்போகிறது. வரைபடம் சேர்த்த பல மென்பொருள்கள் இடறுவது இங்கேதான். 10 லட்சம் புள்ளிகளை ஒவ்வோர் அசைவுக்கும் மறுபடி வரைந்தால் சன்னல் உறைந்து நிற்கும்.

ஆனால் திரையின் அகலமே 1920 பிக்சல்தான் என்றால், ஒவ்வொரு பிக்சல் பத்திக்குள்ளும் 520 புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அத்தனையையும் வரைவது வீண். அதற்காக 500-க்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாமா? கூடாது. மூளை அலையில் வலிப்பைச் சுட்டும் கூர்முனை 20 முதல் 70 மில்லிவினாடிதான் நீடிக்கும். வினாடிக்கு 400 அளவுகள் என்றால் அது அதிகம் போனால் 28 புள்ளிகள். 500-க்கு ஒன்று எடுத்தால் மருத்துவர் தேடிவந்த கூர்முனையே காணாமல் போய்விடும். சரியான வழி, ஒவ்வொரு பத்தியிலும் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவது. மொத்தம் 3840 எண்கள் போதும், எந்த உச்சியும் தவறாது. வளைவின் உருவம் கெடாமல் புள்ளிகளைக் குறைக்கும் இன்னொரு முறையை ஸ்வெய்ன் ஸ்டெய்னார்சன் 2013-ல் ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் முதுகலை ஆய்வேட்டில் முன்வைத்தார். பல வரைபட லைப்ரரிகள் இன்று அதைப் பயன்படுத்துகின்றன.

வேகத்தைப் போலவே நிறமும் நேர்மை சம்பந்தப்பட்டது. வெப்பப்படம் போன்றவற்றுக்கு நெடுங்காலம் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானவில் வரிசையே வழக்கமாக இருந்தது. அதில் மஞ்சள் பட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். தரவில் இல்லாத எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு இன்னும் சிரமம். 2017 ஜனவரியில் வந்த மேட்பிளாட்லிப் 2.0 வானவில்லைக் கைவிட்டு, கருஊதாவிலிருந்து மஞ்சள் வரை சீராக வெளிச்சம் ஏறும் விரிடிஸ் என்ற நிறவரிசையை இயல்பாக வைத்தது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் அதன் ஏற்ற இறக்கம் மாறாது.

வலிப்பு நோயாளிகளுக்காகப் பிறந்த இந்தக் கருவி போன தூரம் பெரிது. 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது தரவுகளைப் பார்க்கப் பயன்பட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கிய பணியிலும் அதற்குப் பங்குண்டு. அந்தப் படத்தைப் பார்க்க ஹண்டர் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் 2012 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். வயது 44. அவர் விட்டுச்சென்ற நிரலை உலகெங்கும் தன்னார்வலர்கள் தொடர்ந்து வளர்க்கிறார்கள். அதற்கு உரிமக் கட்டணமும் இல்லை, டாங்கிளும் இல்லை.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேட்பிளாட்லிப்போடு வரும் இயல்பான எழுத்துரு டெஜாவூ சான்ஸ். அதில் தமிழ் இல்லை. படத்துக்குத் தமிழில் தலைப்பிட்டால் வெறும் கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துருவை மாற்றிக் கொடுத்தாலும் நெடுங்காலம் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. கணினி 'நெ' என்பதை முதலில் 'ந', பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் வைத்திருக்கிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 'மு' என்பதில் 'ம'வும் உகரக்குறியும் இணைந்து ஒரே உருவமாக வேண்டும். இதைச் செய்யும் எழுத்துக்கோப்பு நிரல் மேட்பிளாட்லிப்பின் இயல்பான அமைப்பில் பல ஆண்டுகளாக இல்லாததால், கொம்பு இடம்மாறி எழுத்துகள் உடைந்து நின்றன. எத்தனையோ தமிழ்த் தரவுகள் ஆங்கிலத் தலைப்போடு உலவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழி இல்லாமல் இல்லை. கியூட் தொகுப்பு எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துகிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் தமிழ் சரியாகத் தெரிவது அதே நிரலால்தான். அதனால் கியூட்டின் மேல் கட்டப்பட்ட பைக்யூட்டிகிராஃப் போன்ற லைப்ரரியில் தமிழ் பிசகாமல் வரும். வேகமாக ஓடும் நேரடித் தரவுக்கும் அது ஏற்றது. மேட்பிளாட்லிப்பிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு, அதன் கீழ் அடுக்கை மட்டும் மாற்றி எழுத்தைச் சரியாகக் கோத்துத் தரும் எம்பிஎல்கெய்ரோ என்ற கூடுதல் தொகுப்பு இருக்கிறது. படித்துப் புரிந்து நீட்டிக்க முடிய வேண்டும் என்று ஹண்டர் போட்ட நான்காவது நிபந்தனையின் பலன் இது.

கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தமிழில் மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தைச் சேர்த்து முடித்த அன்றே, வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், அதற்கு 'நெல் கொள்முதல்' என்று ஒரு தலைப்பு இட்டுப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, கால், உகரம், புள்ளி எல்லாம் அந்த இரண்டு சொற்களில் இருக்கின்றன. ஏதாவது இடம் மாறி நின்றால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடாதீர்கள். லைப்ரரியை மாற்றுங்கள், அல்லது பிழையை அதை வளர்ப்பவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.