மாநிலத்துக்கு ஒரு நாணயம்: சின்னத்தைத் தெரிவு செய்வது யார்?

ஒரு நிகழ்வையோ, ஒரு பெரியாரையோ, ஒரு பிரதேசத்தையோ நினைவுகூரும் பொருட்டு அரசு வெளியிடும் நாணயம் ஞாபகார்த்த நாணயக்குற்றி எனப்படும். இலங்கை மத்திய வங்கி 1957ஆம் ஆண்டில் புத்த ஜயந்தியை முன்னிட்டு இத்தகைய நாணயங்களை முதன்முதலாக வெளியிட்டது. 2013ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட 10 ரூபா நாணயங்களிலே 25 நிருவாக மாவட்டங்களும் இடம்பெற்றன. யாழ்ப்பாண மாவட்டத்துக்குரியதும் அவற்றுள் ஒன்று. கைக்கு அகப்பட்டால் செலவழிக்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

பிரதேச அடையாளத்தை நாணயத்தில் பொறிப்பது எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்களில் படுத்திருக்கும் எருதும் அதன்கீழ் 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் காணப்படுகின்றன. முடியாட்சியில் நாணயச் சின்னம் மன்னனின் சின்னமே. மக்களாட்சியில் அதனைத் தீர்மானிப்பவர் யார்? இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் 25 சத நாணயத் திட்டம் சிறந்த உதாரணமாகும்.

1997ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்றின்படி, 1999 தொடக்கம் 2008 வரை ஆண்டுக்கு 5 மாநிலங்கள் வீதம் 50 மாநிலங்களுக்கும் நாணயங்கள் வெளியிடப்பட்டன. பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற பேதம் பார்க்கப்படவில்லை. அரசியலமைப்பை ஏற்ற அல்லது ஒன்றியத்தில் இணைந்த ஒழுங்கிலேயே வெளிவந்தமையால் சிறிய டெலவெயர் முதலாவதாகவும் ஹவாய் இறுதியாகவும் அமைந்தன. முன்பக்கத்தில் ஜோர்ஜ் வொஷிங்டனின் உருவம் பொதுவாக இருந்தது. பின்பக்கமே மாநிலத்துக்குரியது.

மாநில ஆளுநர் தம் மக்களிடமிருந்து கருத்துகளைப் பெறுவார். சில மாநிலங்களில் குழுக்கள் அமைக்கப்பட்டன. சிலவற்றில் மக்கள் வாக்களித்தனர். கருத்துகள் நாணயசாலைக்குச் சென்று, அங்குள்ள கலைஞர்களால் வரையப்பட்டு, பிரஜைகள் ஆலோசனைக் குழுவினதும் நுண்கலை ஆணைக்குழுவினதும் பார்வைக்கு வைக்கப்படும். பின்னர் மாநிலம் ஒன்றைத் தெரிவு செய்யும். எனினும் இறுதி அங்கீகாரம் திறைசேரிச் செயலாளருடையது. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: மாநிலம் விரும்பலாம், ஆனால் முடிவு மத்தியினுடையது.

தடைகளும் இருந்தன. உயிருடன் இருப்பவரின் உருவம் கூடாது. இறந்தவராயினும் மார்பளவு உருவம் கூடாது. மாநிலக் கொடியும் முத்திரையும் பொருத்தமற்றவை எனக் கொள்ளப்பட்டன. ஆகவே மக்கள் வேறு அடையாளங்களைத் தேடினர். கனெக்ரிகட் மாநிலம் ஓர் ஓக் மரத்தைத் தெரிவு செய்தது. 1687இல் அரசப் பிரதிநிதி அக்குடியேற்றத்தின் உரிமைச் சாசனத்தைப் பறிக்க வந்தபோது அது இம்மரத்தின் பொந்தில் ஒளித்துவைக்கப்பட்டதாகக் கூறுவர். மரம் 1856இல் புயலில் சாய்ந்துவிட்டது; நாணயத்தில் நிற்கின்றது. ஜோர்ஜியாவுக்கு பீச் பழம். விஸ்கொன்சினுக்குப் பசுவும் பாற்கட்டியும் சோளமும்.

உலோகமும் தன் பங்குக்குத் தடை போடும். இந்நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். நிறம் இல்லை; மேடு பள்ளம் மட்டுமே உண்டு. நுண்ணிய கோடுகள் கைபட்டுத் தேய்ந்துவிடும். எமது புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதன் புகழ் ஆழத்திலும், மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் இருப்பதிலும் தங்கியுள்ளது. நாணயத்தில் பொறித்தால் வெறும் கட்டும் படியுமே தெரியும். பனைமரமோ பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஆயினும் எளிதில் விளங்குவதெல்லாம் ஓர் ஊருக்கு மிக முக்கியமானது என்று கொள்ளலாமா என்பது வேறு விடயம்.

இந்த இழுபறி மிசூரி மாநில நாணயத்தில் வெளிப்பட்டது. மாநிலப் போட்டியில் தெரிவான ஓவியத்தை நாணயசாலையினர் மாற்றி வரைந்தனர். ஓவியர் போல் ஜக்சன் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனாலும் மாற்றிய வடிவமே 2003இல் வெளிவந்தது. 2005ஆம் ஆண்டு நாணயங்கள் தொடக்கம் மாநிலங்களிடம் சித்திரங்கள் கேட்கப்படவில்லை. எழுத்து மூல விபரிப்பு மட்டுமே கேட்கப்பட்டது. சச்சரவு குறைந்திருக்கலாம். மக்களின் கை நாணயத்திலிருந்து இன்னும் ஒரு படி விலகியது என்பதே எனது கருத்து.

இலங்கையில் 2013இல் நடைமுறையிலிருந்தது 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டமாகும். தற்போது 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் உள்ளது. இரண்டின் கீழும் நாணயம் வெளியிடும் உரிமை மத்திய வங்கிக்கே உரியது.

பயிற்சி: உமது ஊருக்கு நாணயமொன்று வெளியிடப்படுவதாயின் எச்சின்னத்தைப் பரிந்துரைப்பீர்? நீர் கைவிடும் ஒரு சின்னத்தையும் குறிப்பிட்டு, இரண்டுக்கும் காரணம் எழுதுக.