பால் கணக்கும் பைக் கணக்கும்

மலேசியாவின் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் கூப்பிடுவதில் தொடங்கும் கணக்கு, ஸ்டோரில் பால் நிறுப்பதில் முடியும். ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு நேராக அன்றைய எடை. மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் கிராணி (கணக்கர்) எழுதிய அந்த வரிகள்தாம். தொட்டியில் ஊற்றியபின் எது யார் வெட்டிய பால் என்று பிரிக்க முடியாது; பிரிக்க வேண்டியதுமில்லை. அளவு தெரிந்தால் போதும்.

பால் வெட்டும் உளி விஷயம் வேறு. தீட்டித் தீட்டி ஒருவர் கைக்கு வாகாகிப்போன உளிக்குப் பதில் புதியதைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். ஆனால் அந்தத் தேய்மானத்தை எழுத எந்தப் புத்தகத்திலும் கட்டம் கிடையாது.

தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், சுங்கை பட்டாணி சைபர் கஃபேக்களில் வேறொரு கணக்கைப் பழகினார்கள். மேப்பிள்ஸ்டோரி என்ற இணைய ஆட்டத்துக்கு மலேசியா, சிங்கப்பூருக்கான சர்வர் 2005இல் வந்தது. அதில் சிவப்பு மருந்துக் குப்பியின் எண் 2000000. குடித்தால் உயிர் 50 ஏறும். அந்த 50, குப்பியின் படம், பேர் எல்லாம் பொதுப் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கும். ஆட்டக்காரரின் பையில் இருப்பது பொருளின் எண், எந்தக் கட்டம், எத்தனை என்பது மட்டும். நூறு குப்பிக்கும் ஒரே வரி. பால் மாதிரிதான்.

வாளுக்கு அது ஒத்துவராது. 1302000 என்ற எண்ணுள்ள வாள் ஆயிரம் பேரிடம் இருக்கும். ஒருவர் தன் வாளில் மந்திரச் சுருளைப் பயன்படுத்தித் தாக்கும் பலத்தைக் கூட்டியிருப்பார். இன்னொருவர் முயன்று தோற்று, மேம்படுத்தும் வாய்ப்புகளையெல்லாம் தீர்த்திருப்பார். எண் ஒன்று, பொருள் வேறு. ஆகவே ஒவ்வொரு வாளுக்கும் தனி வரி. பலம் எவ்வளவு, இன்னும் எத்தனை வாய்ப்பு என்பதெல்லாம் அதிலேயே. மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் வாள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுகூடப் பதிவாகிறது. தோட்டத்துப் புத்தகத்தில் இல்லாத கட்டம் இங்கே வந்துவிட்டது. சோறு போட்ட கருவிக்குக் கிடைக்காத மரியாதை விளையாட்டு வாளுக்குக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

சந்தேகம் மட்டும் இரண்டு கணக்குக்கும் பொது. பாலில் தண்ணீர் சேர்த்தால் எடை ஏறும், ரப்பர் ஏறாது. அதற்காகத்தான் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்த்தார்கள். ஆட்டத்திலும் அப்படியே: ‘என்னிடம் இருபது வாள் இருக்கிறது’ என்று வீட்டுக் கணினி சொன்னால் சர்வர் நம்பக்கூடாது, தன் வரியைத்தான் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய ஓட்டை கைமாறும் நேரத்தில் இருக்கிறது. ஒருவர் பையில் கழிப்பதும் மற்றவர் பையில் சேர்ப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். இல்லையேல் இரண்டுமே நடக்கக்கூடாது. நடுவில் சர்வர் விழுந்தால் வாள் காணாமல் போகும், அல்லது இரண்டாகும். 2000இல் வந்த டயாப்லோ 2 ஆட்டத்தில் இப்படிப் பெருகிய நகல்கள் பொருள்களின் மதிப்பையே குலைத்தன.

எழுதுகோல் யார் கையில் என்று கேட்டால், அன்று தோட்டத் துரையின் (மேலாளரின்) ஆபீசில், இன்று கம்பெனியிடம். நிறுவையில் குறை என்றால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம். 1954க்குப் பிறகு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் இருந்தது. விளையாட்டு வாள் தொலைந்தால் புகார்ப் படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த வாள் உங்களுக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே என்று நாம் படிக்காமல் சம்மதித்த விதிமுறையில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

தோட்டக் கணக்கு நடந்த அதே கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. சில்லு நிறுவனமான இன்ஃபினியான் அங்கே 2006இல் வேஃபர் (சில்லுத் தகடு) ஆலையைத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளில் ரசாயனத்துக்கு அளவுக் கணக்கு. வேஃபருக்கோ தனித்தனி எண், எந்த இயந்திரத்தில் எப்போது ஏறியது என்ற வரலாறு. சைபர் கஃபேயில் வாளுக்கு ஏன் தனி வரி என்று புரிந்துகொண்ட பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்காது.