மடி ஒரு சீட் ஆகாது!



எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்றால், யோசனை சொல்லாத ஆளே இருக்க மாட்டார்கள். டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை அதே பேச்சுதான். 'மைலேஜ் எவ்வளவு குடுக்குது? நாளைக்கு வித்தா என்ன விலைக்குப் போகும்?' என்று ஆண்கள் அலசி எடுத்து விடுவார்கள். ஆனால், பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து வரப் போகிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? கலர் எது வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். அதோடு சரி!

நாங்கள் காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஆக, ஆறு பேர். இளையவன் பிறந்த பிறகு பழைய சின்னக் கார் போதவில்லை. அதில் பெல்ட் ஐந்துதான். 'கைக்குழந்தைக்கு எதுக்கு சீட்டு? மடியில வெச்சுக்கலாம்' என்றார்கள் எல்லோரும். அந்த மடி விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மோட்டார் வண்டி நம் ஊருக்குப் புதிதல்ல. கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் 1920-லேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர். பின்னால் வசதியான வீடுகளுக்கு அம்பாசிடர் வந்தது. முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடிக்கு ஒரு பிள்ளை என்று ஏறிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த வருஷமே மாருதி வேன் வந்து, பிறகு 'ஆம்னி' என்று பெயர் எடுத்தது. தக்காளிக் கூடை, தேங்காய் மூட்டை, மாப்பிள்ளை வீட்டார் என எல்லாவற்றையும் அது சுமந்தது. அம்பாசிடரும், மாருதி 800-ம் தயாரிப்பதை 2014-ல் நிறுத்தி விட்டார்கள். ஆம்னி 2019-ல் நின்றது. வண்டிகள் போய்விட்டன, அடைத்துக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

முதலில் நான் செய்தது, ஒரு நோட்டில் வருஷக் கணக்கு எழுதியதுதான். யார் யார், எங்கே, எத்தனை முறை போகிறோம் என்று.

தினசரி வேலைக்கு ஒருவர், இருவர்தான் போகிறோம். அதற்கு ஸ்கூட்டரே போதும். ஆறு பேரும் சேர்ந்து போவது மாதம் இரண்டு, மூன்று தடவை. சிவன்மலை, கல்யாணம், காதுகுத்து, மாமியாரின் முழங்காலுக்காக கோவை ஆஸ்பத்திரி. நாத்தனார் குடும்பமும் சேர்ந்து பத்து, பன்னிரண்டு பேராகப் போவது குலதெய்வக் கோவில் பொங்கலுக்கும் பழனிக்கும்தான். அது வருஷத்துக்கு நான்கு தடவை கூட இல்லை.

'எல்லாரும் ஒண்ணாப் போற மாதிரி பெருசா எடுத்துடலாம்' என்பது என் கணவரின் ஆசை. நோட்டைக் காட்டினேன். 'நாலு நாளைக்கு வாடகை வேன் வெச்சுக்கலாங்க. மீதி நாளெல்லாம் பெரிய வண்டிக்கு எதுக்கு டீசல் ஊத்தோணும்?' என்றேன். கணக்கு என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஆறு பேருக்கு ஆறு பெல்ட், அதாவது மூன்று வரிசை வண்டி என்று முடிவானது.

மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. 'ஏங்கண்ணு, பேரனுக்கு எதுக்குத் தனியா ஒரு சீட்டு? என்ற மடி இருக்குதல்லோ! அவங்கப்பனை மடில வெச்சுத்தான் பழனிக்குக் கூட்டிட்டுப் போனேன்' என்றார். வயசானவர்களிடம் சட்டம் பேசினால் எடுபடுமா? அதனால் கிணற்றுக் கணக்கைச் சொன்னேன்.

'அத்தைங்க, அம்பது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி சட்டுனு முட்டி நின்னா, பெல்ட் போடாத ஆளுக்கு அது முப்பதடிக் கெணத்துல உழுகற மாதிரிங்க. எம்பது கிலோமீட்டர்ல போனா எம்பதடிக்கு மேல. அந்த வேகத்துல பையனை நம்ம கையில புடிச்சு நிறுத்த முடியுங்களா?'

நானாக இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகக் கணக்குத்தான். கிணற்றுமேட்டில் வளர்ந்தவர்களுக்கு முப்பதடி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, 'அப்ப எனக்கும் அந்தக் கயிறு வேணுமல்லோ?' என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பின் சீட்டில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ கட்டாயம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் நடந்த விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீசார் சொன்னார்கள். அவர் போனது விலை உயர்ந்த கார். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும், பெல்ட்டை நாம்தானே மாட்ட வேண்டும்?

இனி, ஷோரூமுக்குப் போகும் சகோதரிகளுக்கு நாங்கள் பார்த்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

ஷோரூமுக்குக் குடும்பத்தோடு போங்கள். வெட்கப்படாமல் கடைசி வரிசையில் நீங்களே ஏறி உட்காருங்கள். புடவையோடு ஏற முடிகிறதா, முட்டி இடிக்கிறதா, தலை தட்டுகிறதா, பின் கண்ணாடிக்கும் உங்கள் தலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மாமியார், மாமனாரை நடு வரிசையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். படி உயரமாக இருந்தால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு பயணமும் தண்டனைதான்.

ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் நடு சீட்டுக்கு இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். தோளுக்கும் சேர்த்து வருவதே நல்லது. குழந்தை இருக்கையை மாட்ட 'ஐசோபிக்ஸ்' என்ற கொக்கி எந்தெந்த சீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். கைக்குழந்தையின் இருக்கையைப் பின்பக்கம் பார்த்த மாதிரி, பின் சீட்டில் மாட்ட வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் கைக்குழந்தையை மடியிலும் வைக்கக் கூடாது, அந்த இருக்கையையும் மாட்டக் கூடாது. பை விரிகிற வேகம் பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து.

எல்லா சீட்டையும் நிமிர்த்திய பிறகு டிக்கியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஆறு பேரும் ஏறினால் பை வைக்க இடம் இல்லாத வண்டிகள் உண்டு. சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் எங்கே இருக்கிறது, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வீட்டுக்காரரும் விற்பனையாளரும் மட்டும் போய்விட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. ஆட்களை ஏற்றி, ஏ.சி. போட்டு, மேட்டில் ஏற்றிப் பாருங்கள். கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறதே! பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40. சுற்றிலும் மலைகளை வைத்துக்கொண்டு இருக்கிற நமக்கு, முழுப் பாரத்தோடு ஏறுகிற இன்ஜினும் இறங்கும்போது நிற்கிற பிரேக்கும் முக்கியம்.

பாதுகாப்பு நட்சத்திரத்தைப் பற்றியும் கேளுங்கள். வண்டியை மோத விட்டுச் சோதித்துப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு நம் நாட்டு வண்டிகளை 2014 முதல் சோதித்தது. 2023 அக்டோபரில் 'பாரத் என்கேப்' என்று நம் அரசே தொடங்கியது. பெரியவர்களுக்குத் தனி நட்சத்திரம், குழந்தைகளுக்குத் தனி நட்சத்திரம். ஆம்னி மாதிரியே குடும்பங்கள் விரும்பிய ஈகோ வேன், 2016-ல் ஏர்பேக் இல்லாமல் சோதிக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு ஒரு நட்சத்திரம் கூட வாங்கவில்லை. பிறகு சட்டம் மாறி, ஓட்டுபவருக்கு 2019-லும், பக்கத்து சீட்டுக்கு 2021-லும் ஏர்பேக் கட்டாயம் ஆனது. நம் பக்கம் அதிகம் ஓடும் எர்டிகா 2019-ல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. விதிகளைக் கடுமையாக்கிய பிறகு, 2024-ல் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒன்றுதான் கிடைத்தது. ஆகவே 'ஸ்டார் இருக்குதுங்க' என்று சொன்னால் தலையாட்டி விடாமல், 'எந்த வருஷச் சோதனை? பிள்ளைகளுக்கு எத்தனை?' என்று கேளுங்கள்.

விலை விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நான்கு மீட்டருக்கு மேல் போகாமல், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம். அதைவிடப் பெரிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம். நான்கு மீட்டருக்குள்ளேயே ஏழு சீட் வைத்த ட்ரைபர் போன்ற வண்டிகள் அதனால் மலிவு. ஆனால், நீளம் குறைந்தால் கடைசி வரிசை பின் கதவை ஒட்டித்தான் இருக்கும். யார் அங்கே உட்காரப் போகிறார்கள் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நாங்களும் முதலில் பழையதைத்தான் பார்த்தோம். ஒரு தரகர் காட்டிய வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், உள்ளே காய்ந்த சேறு! தண்ணீருக்குள் நின்ற வண்டி. 2015-லும் 2023-லும் சென்னையில் வந்த வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்று டி.வி.யில் பார்த்தோமே! மிதியடிக்குக் கீழே மோந்து பார்த்தாலே பூஞ்சை வாடை காட்டிக்கொடுத்து விடும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் பேங்க் கொடுக்கும் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பதிமூன்று வருஷ வண்டியை மலிவு என்று வாங்குபவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

'நம்பகமான வண்டி எது?' என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி, டாக்ஸி ஸ்டாண்டில் கேட்பது. லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்கு எது எங்கே மக்கர் பண்ணும் என்று அத்துப்படி. கூடவே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிரேக் கட்டைக்காகக் கோவைக்கு அலைய வேண்டியிருந்தால், எத்தனை நல்ல வண்டியும் தோட்டத்துக்காரர்களுக்கு ஒத்துவராது.

நாங்கள் கடைசியில் ஏழு சீட் வண்டி ஒன்றை எடுத்தோம். பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்கு!

வண்டி வாங்குவதை விடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு சகோதரிகளே. கல்யாண மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் வந்து, 'போற வழிதானே, நாங்க மூணு பேரும் நெருக்கி ஏறிக்கறோம்' என்பார்கள். மாட்டோம் என்றால், 'கார் வந்ததும் கண்ணு தெரியல' என்று பேச்சு வரும். போன தை மாதம் அப்படி ஒரு நிலைமை வந்தது. நான் தயங்கி நின்றேன். மாமியார்தான் கண்ணாடியை இறக்கி, 'அம்மிணி, பெல்ட்டு ஏழுதான். ஒருத்தரு வாங்க. மத்தவங்களை என்ற பையன் திரும்பி வந்து கூட்டிட்டுப் போவான்' என்றார். என் கணவர் அப்படியே இரண்டு நடை போய் வந்தார். பெட்ரோல் கொஞ்சம் கூடுதல் ஆனது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதனால், வண்டி எடுக்கும் முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, 'எத்தனை பெல்ட்டோ, அத்தனை ஆள்' என்று முடிவு செய்து விடுங்கள். பெரியவர்கள் வாயாலேயே அதைச் சொல்ல வையுங்கள். கலரை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். சீட்டையும் பெல்ட்டையும் நாம் பார்ப்போம்!

– ஒரு வாசகி, காங்கேயம்.