ஆசிரியருக்குப் பயிற்சி மட்டும் போதுமா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை காரைக்காலில் கரையேறி வந்தபோது பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ கிராமங்கள் உறவுகளையும் வீடுகளையும் படகுகளையும் பறிகொடுத்தன. அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டுதான் பிள்ளைகள் மீண்டும் வகுப்புக்கு வந்தார்கள்.

பேரிடரைக் கண்ட பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவார்கள். அம்மாவை விட்டு நகரமாட்டார்கள். பாடத்தில் மனம் நிற்காது. ஆபத்தின்போது மூளையின் அமிக்டலா எச்சரிக்கை மணி அடிக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் அது ஓயாவிட்டால், கவனத்தை ஆளும் முன்மூளைப் பகுதியால் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. ‘படிப்பில் அக்கறையே இல்லை’ என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளை பயத்தில் உறைந்திருக்கலாம்.

இதற்குப் பேரலைதான் வர வேண்டும் என்பதில்லை. குடிக்கும் தந்தை, தேர்வு பயம், சக மாணவரின் கேலி ஆகியவையும் போதும். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பெற்றோருக்கு அடுத்தபடியாக அந்தப் பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர் வகுப்பாசிரியர்தான்.

அவருக்கு என்ன கற்றுத்தர வேண்டும்? உளவியல் முதலுதவி மூன்று படிகளைச் சொல்கிறது: மாற்றத்தைக் கவனிப்பது, குறுக்கிடாமல் கேட்பது, உரிய உதவியோடு இணைப்பது. நடந்ததை எல்லாம் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதும் பயிற்சியின் முக்கியப் பாடம். அப்படி ஒரே அமர்வில் கிளறிக் கேட்பதால் நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால், பயிற்சி கொடுத்து முழுப் பொறுப்பையும் ஆசிரியர் தலையில் வைத்தால் என்ன ஆகும்? பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் உள்ளிட்டோர் இதைச் சோதித்தார்கள். 74 பள்ளிகள், 13,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற முழுநேர ஆலோசகர் ஒருவர் நலத்திட்டத்தை நடத்தினார். சிலவற்றில் அதே திட்டத்தை ஓர் ஆசிரியர் நடத்தினார். 2018-இல் ‘தி லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் வெகுவாக மேம்பட்டது. மனச்சோர்வும் கேலித் துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

இதை ஆசிரியரின் தோல்வியாகப் படிப்பது அநியாயம். பாடம், விடைத்தாள், பதிவேடு எல்லாவற்றுக்கும் நடுவே அவருக்கு நேரம் எங்கே? மேலும், மதிப்பெண் போடுபவரிடமே மனத்தைத் திறக்க மாணவர் தயங்குவார். ஆசிரியருக்குப் பொருந்தும் வேலைகள் வேறு. கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வகுத்த வாழ்க்கைத் திறன் வகுப்புகளை ஆசிரியர்களே நடத்தினார்கள். அதில் மாணவரின் தன்மதிப்பும் சமாளிக்கும் திறனும் உயர்ந்ததாக 2010-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆகவே ஆசிரியர் பயிற்சி, ஆலோசகர் இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலும் அதையே கேட்கிறது: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி, சிறிய நிறுவனங்களுக்கு வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு.

காரைக்கால் இதற்குத் தோதான மாவட்டம். பரப்பில் சிறியது, அரசு பொது மருத்துவமனை உண்டு, ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளை உண்டு. தலைநகர் புதுச்சேரி 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், உதவி உள்ளூரிலேயே கிடைத்தாக வேண்டும். ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் பயிற்சி, அதற்கென வேலை நேரத்திலேயே ஒதுக்கிய மணிகள், பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று பெயரோடு தெரிந்த ஓர் ஆலோசகர்: இந்த மூன்றையும் பள்ளிக் கல்வித்துறையிடம் பெற்றோர் கேட்க வேண்டும். அதுவரைக்கும், 14416 என்ற டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி ஒட்டுவதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.