உஷார்! குழி தோண்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

ஒரு சதுப்பு நிலத்தை மண் கொட்டி மூடிவிட்டு, 'அதற்கு ஈடாக வேறிடத்தில் ஒன்றைச் சரிசெய்தாயிற்று' என்று கணக்கை முடிக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் அதன் பெயர் 'மிட்டிகேஷன் பேங்க்'. சீரழிந்த சதுப்பு நிலத்தை ஒரு நிறுவனம் மீட்டெடுக்கும். அதற்கு அரசு 'கிரெடிட்' வழங்கும். இன்னோரிடத்தில் நிலத்தை அழிக்கும் கட்டுமான நிறுவனம் அந்த கிரெடிட்டை விலைக்கு வாங்கும்.

ஆபத்து இங்கேதான்! கிரெடிட் விற்றதும் ஈடுசெய்யும் பொறுப்பு வாங்கியவரை விட்டு பேங்க் நடத்துபவரிடம் போய்விடும். மீட்டெடுத்ததாகச் சொன்ன நிலம் பிறகு காய்ந்தாலும், அழிந்த சதுப்பு அழிந்ததுதான்.

ஈடுசெய்யும் பணிகள் இழப்பை நிரப்பவில்லை என்று அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2001-லேயே எச்சரித்தது. 2008-ல் கடுமையான விதிகள் வந்தன: பல துறை அதிகாரிகள் சேர்ந்த ஆய்வுக் குழு, பலன் தெரியத் தெரியத் தவணையாக கிரெடிட், குறைந்தது 5 ஆண்டு கண்காணிப்பு.

விதி மட்டும் போதுமா? பார்க்கும் கண் பழக வேண்டாமா? சாலையில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சைதான். ஒன்றரை அடி தோண்டினால் கதை வேறு. நீர் ஊறிக் கிடந்த மண் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும். வேரோடிய தடங்களில் துருநிறம் படிந்திருக்கும். மீட்ட இடத்தில் மண் மாற ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும். செடி வளரும் பருவத்தில் தொடர்ந்து 14 நாளாவது நீர் தரைக்கு ஓரடிக்குள் நிற்கிறதா? பராமரிப்பு நிதி எங்கே இருக்கிறது? நாளை யார் வாங்கினாலும் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முடியாதபடி பத்திரம் கட்டுகிறதா? செடி தெரிந்த அதிகாரிக்குப் பத்திரம் தெரியாது. பத்திரம் தெரிந்தவருக்கு மண் தெரியாது. மூன்றையும் கற்றுக்கொடுத்த பிறகே ஒப்புதல் கையெழுத்துக்கான பேனாவைக் கையில் தர வேண்டும்.

நமக்கென்ன என்று இருக்காதீர்கள். இந்தியாவிலும் 2023 அக்டோபரில், மரம் நடுவது போன்ற பணிகளுக்கு கிரெடிட் தரும் 'கிரீன் கிரெடிட்' விதிகள் வந்துவிட்டன. கிரேட் நிக்கோபார் தீவில் கட்டுமானத்துக்காக அழியும் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடத் திட்டமிட்டவர்கள் நாம்!

உங்கள் ஊரில் 'ஈடாகக் காடு வளர்க்கிறோம்' என்று பலகை வைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் வந்து பார்த்தார்கள்? எதை அளந்தார்கள்? 5 ஆண்டு கழித்தும் வருவார்களா? பதில் இல்லையென்றால் அந்த கிரெடிட்டை நம்பாதீர்கள்.