சொல்லாமல் கெடுவதில்லை ஆட்டோ கியர்

சென்ற ஆண்டு ஓர் இரவு, பத்தரை மணி இருக்கும். என் தங்கை மகளுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு கட்டை. மச்சான் காடியை முடுக்கி ரிவர்சில் போட்டார். இஞ்சின் உறுமியது, காடி அசையவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் தள்ளித்தான் வாசலைவிட்டு வெளியே எடுத்தார்கள். 'டி'யில் போட்டதும் எப்படியோ ஊர்ந்து சென்றது. மூன்றாம் கட்டை மேட்டில் அதுவும் நின்றது. இஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்றவில்லை. செம்பனை இருட்டில், வலியில் துடிக்கும் பெண்ணோடு முக்கால் மணி நேரம். பிறகு காய்கறி வேன் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை என் தங்கை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் பட்டறையில் கியர் பெட்டியைத் திறந்தார்கள். எண்ணெய் பாதிக்குமேல் இல்லை. இருந்ததும் கருகிப்போய் நாற்றமடித்தது. உள்ளே தட்டுகள் எரிந்திருந்தன. செலவு 3,200 வெள்ளி. மச்சான் அந்தப் பழைய காடியை வாங்கியதே 6,000 வெள்ளிக்குத்தான்!

“இது ஒரே நாளில் வந்த கோளாறு இல்லை. காடி உங்களிடம் சொல்லியிருக்குமே?” என்று மெக்கானிக் கேட்டார்.

சொல்லித்தான் இருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகுதான் 'தடக்' என்று பிடிக்கும். “பழைய காடி, அப்படித்தான் இருக்கும்” என்று மச்சான் விட்டுவிட்டார். வாசல் சிமெண்டில் செந்நிறக் கறை வேறு. பாட்டிதான் வெற்றிலை துப்புகிறார் என்று பாவம், பாட்டிமேல் பழி! அது கியர் எண்ணெய்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு மேசை விசிறியைச் சுற்றவிட்டு, எதிரே சுவிட்ச் போடாத இன்னொரு விசிறியை வையுங்கள். காற்று பட்டு அதுவும் சுற்றும். ஆட்டோ கியரில் இஞ்சின் சக்தி போவதும் ஏறத்தாழ இப்படித்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். உள்ளே பல தட்டுகள் இருக்கின்றன. எண்ணெய் அழுத்தத்தால் அவை ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும்போதுதான் கியர் விழுகிறது. சூட்டைத் தணிப்பதும் அதே எண்ணெய்தான். ஆகவே எண்ணெய் குறைந்தாலும் கெட்டாலும் மூன்று வேலையும் கெடும். தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் எண்ணெய் மேலும் கருகும். மச்சான் காடியில் நடந்தது இதுதான்.

காடி சொல்லும் அறிகுறிகள்

கியர் தாமதமாகப் பிடிப்பது: 'டி' அல்லது 'ஆர்' போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துப் பிடித்தால் எண்ணெய் குறைந்திருக்கலாம், அழுத்தம் குறைந்திருக்கலாம்.

வழுக்குவது: மிதிக்க மிதிக்க இஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. மேட்டில் இது நன்றாகத் தெரியும். தள்ளிப்போடவே கூடாத அறிகுறி இது.

உதைப்பது: கியர் மாறும்போது முதுகில் தள்ளுவதுபோல் இருந்தால், எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு கெட்டிருக்கலாம். இஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்தாலும் இப்படி உதைக்கும். அது சின்னச் செலவு. ஆகவே அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெயின் நிறம்: புது எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாகத் தெளிந்திருக்கும். கறுத்துக் கருகல் நாற்றம் வந்தால் தட்டுகள் எரிகின்றன. சிராப் பண்டோங் போல வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்தாலோ, காடி வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ இப்படி ஆகும். உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஒரே கியரில் நிற்பது: எச்சரிக்கை விளக்கு எரிந்து, காடி ஒரே கியரில் மெதுவாகப் போனால், பெட்டி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். கம்ப்யூட்டரில் கோளாறு எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'பி'யிலிருந்து கம்பு நகராவிட்டால் பயப்படாதீர்கள். பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் மிதியில் உள்ள சுவிட்சோ பியூசோதான் போயிருக்கும். அதற்காகக் கியர் பெட்டியைக் கழற்ற விடாதீர்கள்.

எண்ணெயில் சிக்கனம் வேண்டாம்

எல்லா ஆட்டோவுக்கும் ஒரே எண்ணெய் இல்லை. 2005-இல் வந்த பெரோடுவா மைவியில் நாலு கியர் ஆட்டோ. 2021 நவம்பரில் புதுப்பித்து வந்த மைவியில் சிவிடி. சிவிடி என்பது இரண்டு கப்பிகளுக்கு இடையே பட்டை ஓடும் வகை. பெயர் ஒன்றுதான், எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றினால் பெட்டி பாழ். காடிக் கையேட்டில் எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும். அதையே பின்பற்றுங்கள். அளவு பார்க்கும் கம்பி உள்ள காடியில், பெரும்பாலும் இஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கம்பி இல்லாத காடியைப் பட்டறையில்தான் பார்க்க முடியும்.

தோட்டப் பாதையில் கல் அடித்து அடித்தட்டு நசுங்குவதுண்டு. மாதம் ஒருமுறை இரவில் காடிக்கு அடியில் பழைய அட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் தெரிந்துவிடும்.

ஓட்டும்போது

காடி முழுதாக நின்ற பிறகே 'டி'யிலிருந்து 'ஆர்' மாற்றுங்கள். மேட்டில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடியே முதலில் கைப்பிரேக்கைப் போட்டுப் பிறகு 'பி' போடுங்கள். இறக்கத்தில் 'என்' போட்டு உருளவிடாதீர்கள்; எண்ணெய் மிச்சமாகாது, ஆபத்துதான் மிச்சம். காடி நின்றுவிட்டால் தள்ளி முடுக்க முயலாதீர்கள். ஆட்டோ அப்படி முடுங்காது. இழுத்துப் போகவேண்டி வந்தால், முன்சக்கரம் ஓட்டும் காடிக்கு முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்கவேண்டும்.

பழைய காடி வாங்குவோருக்கு

இஞ்சின் சூடேறுமுன் போய்ப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு 'ஆர்', 'டி' போட்டு, பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். நீரில் நின்ற காடி மேலே பளபளக்கும். இருக்கைக்கு அடியில் சேறும் துருவும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பட்டறையில் “பெட்டியை மாற்றவேண்டும்” என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எண்ணெய் பார்த்தீர்களா, மவுண்டிங் பார்த்தீர்களா, கம்ப்யூட்டர் என்ன சொன்னது என்று மூன்று கேள்வி கேளுங்கள். இன்னொரு பட்டறையிலும் விலை விசாரியுங்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்போர் எங்கும் உண்டு.

வாசலில் முதல் கறை விழுந்தபோதே பார்த்திருந்தால், ஒரு சீலும் எண்ணெயும் மாற்ற 300 வெள்ளியோடு போயிருக்கும் என்றார் மெக்கானிக். இப்போது மச்சான் தினமும் காலையில் ரிவர்ஸ் போட்டுவிட்டு, வாய்க்குள் எண்ணுகிறார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி சிரிக்கிறார்: “வெற்றிலை போட்டது நானா, உங்கள் காடியா?”